செம்மறியின் ஈரலும் மாட்டுத் தீவன மூட்டையும்

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் வயல்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும், கறவை மாடுகளும் ஆடுகளும் அந்த மண்ணை விட்டுப் போய்விடவில்லை. திருநின்றவூர், திருவேற்காடு, திருமழிசை, அயப்பாக்கம் போன்ற ஊர்களில் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்களோடு சில செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் ஒரே கொட்டகையில் வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு; அத்தகைய கொட்டகைகளில் மூலையில் நிற்கும் தீவன மூட்டையும் தாது உப்புக் கலவைப் பையும் பெரும்பாலும் பசுவுக்காக வாங்கப்பட்டவை, ஆனால் தொட்டியில் மிஞ்சியதை ஆடும் தின்னும். இந்தச் சாதாரண வழக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து செம்பு என்னும் உலோகத்தைப் பற்றியது. பசுவுக்குத் தேவையான அளவிலேயே சேர்க்கப்பட்ட செம்பு, அதே தொட்டியில் வாய் வைக்கும் செம்மறியைச் சில மாதங்களில் கொன்றுவிடக் கூடும் என்பதும், அந்த மரணத்துக்குச் சில நாள்கள் முன்புவரை எந்த அறிகுறியும் வெளியே தெரியாது என்பதும் கால்நடை வளர்ப்போர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

செம்பு உடலுக்குத் தேவையான பொருள் என்பது 1928-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஸ்டீன்பாக், வாடெல், எல்வெஜெம் ஆகியோர் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளால் உறுதிப்பட்டது. பாலை மட்டுமே உணவாகக் கொண்டு இரத்தச்சோகை அடைந்த எலிகளுக்கு இரும்பை மட்டும் கொடுத்தபோது அவை தேறவில்லை; இரும்போடு மிகச் சிறிதளவு செம்பையும் சேர்த்த பின்னரே ஹீமோகுளோபின், அதாவது உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பு நிறப் புரதம், அவற்றின் இரத்தத்தில் மீண்டும் பெருகியது. உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகள் பலவற்றின் நடுவில் செம்பு அணு அமர்ந்திருக்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று: செல்லின் மூச்சு வினையை நடத்தும் நொதி, எலும்பையும் இரத்தக் குழாய்ச் சுவரையும் உறுதியாக்கும் இழைகளைப் பிணைக்கும் நொதி, முடிக்கும் தோலுக்கும் நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் என்னும் நொதி ஆகியவை அவற்றுள் சில. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களைத் தாயகமாகக் கொண்ட, கம்பளியின்றி இறைச்சிக்காக வளர்க்கப்படும் சென்னைச் சிவப்புச் செம்மறி இனத்தின் செம்பழுப்பு முடி தன் நிறத்தைப் பெறுவதும் இந்த நொதியின் வேலையால்தான். செம்பு குறைந்தால் கருமாட்டின் முடி பழுப்பேறி வெளிறும். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி அணிந்ததுபோல் வெளிர் வளையம் தோன்றும். கிடேரி பருவத்துக்கு வரத் தாமதமாகும். பசு சினைப்பிடிக்காமல் தள்ளிப்போகும். கன்று வளர்ச்சி குன்றும். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் பிறந்த குட்டிகள் பின்னங்கால் தள்ளாடி விழுந்து இறந்ததற்குத் தாய் ஆட்டின் செம்புக் குறையே காரணம் என்பதை பென்னெட்ஸ் 1937-இல் எடுத்துக்காட்டினார்.

ஆகவே செம்பைத் தீவனத்திலிருந்து நீக்கிவிடுவது இந்தச் சிக்கலுக்குத் தீர்வாகாது. வைக்கோலை முதன்மைத் தீவனமாக நம்பியிருக்கும் தமிழ்நாட்டு மாடுகளுக்குச் செம்புக் குறை வருவது இயல்பே, ஏனெனில் வைக்கோலில் செம்பு குறைவு. அத்துடன் நீர் தேங்கி நிற்கும் நெல்வயலில் செம்பு பயிருக்குக் கிடைப்பது குறைந்து, மாலிப்டினம் என்னும் மற்றொரு உலோகம் கிடைப்பது கூடுகிறது. இந்த மாலிப்டினமே அசைபோடும் விலங்குகளில் செம்பின் முதன்மை எதிரி. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் சில மேய்ச்சல் நிலங்களில் மேய்ந்த மாடுகள் கடும் கழிச்சலால் நலிந்ததற்கு அந்நிலங்களின் மிகுதியான மாலிப்டினமே காரணம் என்று 1938-இல் ஃபெர்குசனும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். அந்த மாடுகளுக்குச் செம்பு கொடுத்தபோது கழிச்சல் நின்றது. முதல் இரைப்பையான அசையிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தீவனத்திலும் நீரிலும் உள்ள கந்தகத்தைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. அந்தச் சல்ஃபைடு மாலிப்டினத்தோடு சேர்ந்து தயோமாலிப்டேட் என்னும் சேர்மத்தை உண்டாக்குகிறது. அது செம்பைக் கவ்விப் பிடித்துக் குடலால் உறிஞ்ச முடியாத பொருளாக்கிச் சாணத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இரும்பு மிகுந்த நிலத்தடி நீரும், மேயும்போது புல்லோடு வாய்க்குள் போகும் மண்ணும் இதே திசையில் வேலை செய்கின்றன. கோயம்பேடு சந்தையில் கழித்துப் போடும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளை வண்டியில் ஏற்றி வந்து மாட்டுக்குப் போடும் வழக்கம் மேற்குப் புறநகரில் பரவலாக உள்ளது; அந்த இலைகளில் கந்தகம் மிகுதி என்பதால், நெடுநாள் அதையே நம்பியிருக்கும் பசுவுக்குத் தீவனத்தில் உள்ள செம்பின் ஒரு பகுதி கிடைக்காமலே போய்விடும்.

தீவனத்தில் இருக்கும் செம்பும் விலங்கின் உடலில் சேரும் செம்பும் ஒன்றல்ல என்பதே இந்த அத்தியாயத்தில் மனத்தில் இருத்த வேண்டிய முதன்மையான கருத்து. பால்குடி மாறாத கன்றோ குட்டியோ தான் உண்ணும் செம்பில் பாதிக்கு மேல், சில வேளைகளில் முக்கால் பங்கு வரை, உறிஞ்சிக்கொள்கிறது. அசைபோடத் தொடங்கிய பிறகு அதே விலங்கு நூற்றில் பத்துப் பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை. உறிஞ்சப்பட்ட செம்பு ஈரலுக்குச் செல்கிறது. பசுவும் பன்றியும் கோழியும் மிகுதியான செம்பைப் பித்தநீரோடு குடலுக்குள் தள்ளி வெளியேற்றும் திறனை ஓரளவு நன்றாகவே பெற்றிருக்க, செம்மறியிடம் அந்தத் திறன் மிகக் குறைவு. வந்த செம்பை அது ஈரல் செல்களுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டே போகிறது. செம்பு அரிதாகக் கிடைத்த வறண்ட மேய்ச்சல் நிலங்களில் வாழ்ந்த மூதாதைகளுக்குக் கிடைத்ததைச் சேமித்து வைக்கும் இந்தப் பண்பு உதவியிருக்கலாம். ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள நார்த் ரோனல்ட்சே தீவில் கடற்பாசியைத் தின்றே வாழும் செம்மறி இனம் இதற்கு ஓர் எல்லை எடுத்துக்காட்டு: செம்பு குறைந்த அந்த உணவுக்குப் பழகிய ஆடுகளைச் சாதாரணப் புல்வெளிக்குக் கொண்டுவந்தால் புல்லில் உள்ள செம்பே அவற்றுக்கு நஞ்சாகிவிடுகிறது.

எண்களில் பார்த்தால் இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். ஈரம் நீக்கிய தீவனத்தின் ஒவ்வொரு கிலோவிலும் ஏறத்தாழ 10 மில்லிகிராம் செம்பு இருந்தால் மாட்டுக்குப் போதும்; செம்மறிக்கும் தேவை ஏறக்குறைய அதே அளவுதான், சற்றே குறைவாகவும் இருக்கலாம். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திருத்தி வெளியிட்ட விதிகளின்படி, முழுத் தீவனத்தின் ஒரு கிலோவில் இருக்கக்கூடிய செம்பின் உச்ச அளவு அசைபோடத் தொடங்கிய மாட்டுக்கு 30 மில்லிகிராம், வெள்ளாட்டுக்கு 35 மில்லிகிராம், செம்மறிக்கோ 15 மில்லிகிராம் மட்டுமே. வெள்ளாடு செம்பைத் தாங்கும் விதத்தில் மாட்டுக்கு அருகில் நிற்கிறது. பார்வைக்கு அதன் உறவினராகத் தோன்றும் செம்மறி மிகவும் தள்ளி நிற்கிறது. வெள்ளாடு தின்று நலமாக இருப்பதைக் கண்டு செம்மறிக்கும் அதே தீவனம் ஒத்துக்கொள்ளும் என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த எண்களே சான்று.

இதைக் கொட்டகையின் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். 30 கிலோ எடையுள்ள ஒரு செம்மறிக் கிடா நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ உலர்பொருள் தின்கிறது என்று கொண்டால், அதில் அரைக்கிலோ மாட்டுக்கான அடர்தீவனமாகவும், அந்தத் தீவனத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் செம்பும் இருந்தால், அதிலிருந்து மட்டும் 15 மில்லிகிராம் கிடைக்கிறது. மீதமுள்ள புல்லிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் ஐந்தாறு மில்லிகிராம் சேர, ஒட்டுமொத்தச் செறிவு கிலோவுக்கு 17 மில்லிகிராமைத் தொட்டுவிடுகிறது. தாது உப்புக் கலவையின் கணக்கு இதைவிடக் கடுமையானது. கலவையில் ஆயிரத்தில் ஒரு பங்கு செம்பு இருப்பதாகக் கொண்டால், பசுவுக்கு நாளொன்றுக்குப் போடும் 50 கிராமில் 50 மில்லிகிராம் செம்பு இருக்கும். பத்துக் கிலோ உலர்பொருள் தின்னும் பசுவுக்கு அது கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் கூடுதல், அதாவது வைக்கோலின் குறையை நிரப்பும் நல்ல அளவு. அதே பையிலிருந்து 30 கிராமை அள்ளி அந்தக் கிடாவின் தவிட்டில் போட்டால், அது கிலோவுக்கு 25 மில்லிகிராம் கூடுதலாகி, உச்ச அளவை ஒரே வீச்சில் தாண்டிவிடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1664 என்னும் தரக்குறிப்பு மாட்டுத் தீவனத்தோடு சேர்க்கும் தாதுக் கலவைக்கென்றே வகுக்கப்பட்டது. பையின் மீது அந்த எண்ணைக் காண்பவர்கள் அது செம்மறிக்குத் தரப்பட்ட சான்றிதழ் அன்று என்பதை உணர வேண்டும்.

மேற்குப் புறநகரில் இந்த ஆபத்து கூடியிருப்பதற்கு நிலத்தின் மாற்றமே முதன்மைக் காரணம் என்று கருத இடமுண்டு. ஏரிக்கரைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்ந்து வளர்ந்த செம்மறி, புல்லோடு மண்ணையும் மாலிப்டினத்தையும் கந்தகத்தையும் உட்கொண்டு, அந்த எதிரிகளின் காவலில் செம்பிலிருந்து பாதுகாக்கப்பட்டிருந்தது. மேய்ச்சல் தரை வீட்டுமனைகளாக மாறிய பின், அதே ஆட்டைக் கொட்டிலில் கட்டித் தவிடும் புண்ணாக்கும் அடர்தீவனமும் போட்டு வளர்க்கும்போது அந்தக் காவல் நீங்கிவிடுகிறது; தீவனத்தில் செம்பின் அளவு பெரிதாகக் கூடாவிட்டாலும் உறிஞ்சப்படும் பங்கு கூடுகிறது. உலகெங்கும் செம்மறிகளில் நாட்பட்ட செம்பு நஞ்சேற்றம் கொட்டிலில் அடைத்து அடர்தீவனம் கொடுக்கப்படும் மந்தைகளிலேயே மிகுதியாகக் காணப்படுவது இதனால்தான். பக்ரீத் பண்டிகைக்கெனச் சில மாதங்கள் கட்டிவைத்துக் கொழுக்க வைக்கப்படும் கிடாக்கள் இந்த வகையில் தனிக் கவனத்துக்கு உரியவை.

நோயின் போக்கு இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கும். ஆடு நன்றாகத் தின்று எடை கூடி, வளர்ப்பவருக்கு மகிழ்ச்சியே தரும். ஈரலின் உலர்ந்த எடையில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராமாக இருந்த செம்பு ஆயிரத்தை நெருங்கும் வரையிலும்கூட இரத்தத்தில் அதன் அளவு இயல்பாகவே இருக்கும் என்பதால், இரத்தத்தில் செம்பை அளக்கும் பரிசோதனையும் இந்தக் கட்டத்தில் எச்சரிக்காது. பிறகு ஏதேனும் ஒரு அதிர்ச்சி குறுக்கிடுகிறது: வேனில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுசெல்வது, ஈற்று, ஒருநாள் பட்டினி, திடீர் மழைக்குளிர் என எதுவாகவும் இருக்கலாம். நிறைந்து தளும்பிய ஈரல் செல்கள் சிதைந்து செம்பை மொத்தமாக இரத்தத்தில் கொட்ட, அந்தச் செம்பு சிவப்பணுக்களை உடைக்கிறது. ஆடு தீவனத்தை விட்டு ஒதுங்கித் தலை தொங்கி நிற்கும்; கண்ணிமையின் உட்புறத்தைப் புரட்டிப் பார்த்தால் மஞ்சள் படர்ந்திருக்கும்; சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்; ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். அறுத்துப் பார்த்தால் உடல் முழுவதும் மஞ்சள் பாய்ந்து, ஈரல் வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் எளிதில் நொறுங்கும்படி இருக்க, உடைந்த சிவப்பணுக்களின் நிறமி அடைத்துக்கொண்ட சிறுநீரகங்கள் மட்டும் துப்பாக்கிக் குழலின் கருநீலத்தில் வீங்கித் தோன்றும். இந்தக் கருநீலச் சிறுநீரகம் கால்நடை மருத்துவரின் சந்தேகத்தைச் செம்பின் பக்கம் திருப்பும் வலுவான அடையாளம். மஞ்சள் காமாலையோடு ஆடு இறப்பதற்கு உண்ணிகள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோயும் எலிக்காய்ச்சல் நுண்ணுயிரும் காரணமாகலாம் என்பதால், காட்சியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் ஆய்வகத்தின் துணையை நாடுவது அவசியம்.

தீவன மூட்டை ஒன்று மட்டுமே செம்பின் வழி அன்று. நாட்டு மருந்துக் கடைகளில் மயில்துத்தம் அல்லது துருசு என்ற பெயரில் விற்கப்படும் நீலநிறப் படிகம் செம்பு சல்ஃபேட்டே. அதன் எடையில் கால் பங்கு செம்பு. குளம்பு அழுகலுக்கு இதைக் கரைத்துக் கால்குளியல் வைப்பது பயனுள்ள பழைய முறை, ஆனால் தாகத்தோடு நிற்கும் ஆடு அந்தத் தொட்டியில் வாய் வைத்தால் நாட்பட்டதாக அல்லாமல் உடனடியாகவே நஞ்சேறும். எனவே முதலில் நல்ல தண்ணீர் காட்டிய பின்னரே ஆடுகளைக் கால்குளியலுக்குள் நடத்த வேண்டும், எஞ்சிய கரைசலைப் புல் வளரும் இடத்தில் கொட்டவும் கூடாது. குடற்புழுவை நீக்க மயில்துத்தக் கரைசலை ஊற்றும் வழக்கம் முற்காலத்தில் உலகின் பல பகுதிகளில் இருந்தது; பாதுகாப்பான புழுநீக்க மருந்துகள் கிடைக்கும் காலத்தில் செம்மறிக்கு அதைத் தொடர்வதில் எந்த நியாயமும் இல்லை. பூஞ்சாண நோய்க்காகச் செம்பு கலந்த மருந்து தெளித்த காய்கறித் தழைகளும் கவனிக்க வேண்டியவை. மின்முலாம் பட்டறைகள் உள்ள தொழிற்பேட்டைகளை ஒட்டிய வாய்க்கால்களில் வளரும் நீர்ப்புல்லை, நீரைச் சோதிக்காமல் ஆட்டுக்கு அறுத்துப் போடுவதும் தவிர்க்கத் தக்கது.

வீட்டிலேயே தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு கலந்து மாட்டுக்குத் தீவனம் தயாரிப்பவர்கள் மயில்துத்தத்தைத் தனியாக வாங்கிச் சேர்க்க முனைவது மற்றொரு கவலைக்குரிய செயல். ஒரு டன் தீவனத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் செம்பைக் கூட்ட 40 கிராம் மயில்துத்தமே போதும்; அதாவது 100 கிலோ தீவனத்துக்கு 4 கிராம், ஒரு தேக்கரண்டிகூட நிறையாத அளவு. அந்த 40 கிராமையும் 100 கிலோவில் ஒரே கைப்பிடியாகப் போட்டுவிட்டால் செறிவு கிலோவுக்கு 100 மில்லிகிராமாக எகிறி, மாட்டுக்கே எல்லை தாண்டிவிடும்; அளவு சரியாக இருந்து கலவை சீராக இல்லாவிட்டாலோ, ஒரு மாட்டின் பங்கில் செம்பே இல்லாமலும் மற்றொன்றின் பங்கில் பன்மடங்காகவும் போய்ச் சேரும். துல்லியமான தராசும், மருந்தை முதலில் ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அதைப் பத்துக் கிலோவில் கலந்து, பின்னர் முழுக் குவியலில் பரப்பும் பொறுமையும் இல்லாத இடத்தில், தயாராகக் கிடைக்கும் தாது உப்புக் கலவையை வாங்குவதே அறிவுடைமை. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தன்னுள் கொண்டு 1989-இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே தாது உப்புக் கலவையைத் தயாரித்து வழங்குகிறது; அதன் தீவனத் தொழில்நுட்பப் பணிகள் நடக்கும் காட்டுப்பாக்கம் பொத்தேரிக்கு அருகில் உள்ளது, பூந்தமல்லியை ஒட்டி அதே பெயரில் உள்ள ஊரோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கோழித் தீவனத்தையும் பன்றித் தீவனத்தையும் ஆட்டுக் கொட்டகையிலிருந்து முற்றிலும் விலக்கி வைக்க வேண்டியதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. கிலோவுக்கு 250 மில்லிகிராம் அளவில் செம்பு சேர்த்தால் பன்றிக் குட்டிகள் விரைந்து வளர்கின்றன என்பதை இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு அருகே இயங்கிய ஆய்வு நிலையத்தில் பார்பர், பிரவுட், மிட்சல் ஆகியோர் 1955-இல் எடுத்துக்காட்டிய பிறகு, தேவையைப் பல மடங்கு மிஞ்சிய அந்த அளவு உலகெங்கும் பன்றித் தீவனத்தில் வழக்கமாயிற்று. கறிக்கோழித் தீவனத்திலும் அது பரவியது. உண்ட செம்பில் பெரும்பகுதி எருவோடு வெளியேறி மண்ணில் தங்கிவிடுகிறது, ஏனெனில் உலோகம் மட்குவதில்லை. செம்பைத் தாங்கும் நுண்ணுயிர்களில் சில, நோய்க்கொல்லி மருந்துகளையும் தாங்கும் மரபணுக்களைச் சேர்த்தே சுமக்கின்றன என்பது டென்மார்க் பன்றிகளில் செய்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் பால் மறந்த பன்றிக் குட்டிகளுக்கான உச்ச அளவை 2018-இல் 170-இலிருந்து முதலில் 150 மில்லிகிராமாகவும், ஐந்தாம் வாரத்திலிருந்து 100 மில்லிகிராமாகவும் குறைத்ததற்குச் சுற்றுச்சூழல் குறித்த இந்தக் கவலையே பின்னணி. கறிக்கோழிப் பண்ணையின் எருவைத் தீவனப்புல் வயலில் இடுபவர்கள், அது இலையில் ஒட்டியிருக்கும்போதே அறுத்துச் செம்மறிக்குப் போடக் கூடாது. அந்த எருவையே உலர்த்தித் தீவனத்தில் கலந்து கொடுத்து வெளிநாடுகளில் செம்மறிகள் செத்த நிகழ்வுகள் அறிவியல் ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நஞ்சேற்றம் தொடங்கிய பின் சிகிச்சை கடினமானது. செம்பின் எதிரியான மாலிப்டினத்தையே மருந்தாக்கும் முறையில், அமோனியம் டெட்ராதயோமாலிப்டேட் ஊசியாகவோ, சோடியம் மாலிப்டேட்டும் சல்ஃபேட் உப்பும் வாய்வழியாகவோ கொடுத்து, இன்னும் நோய் வெளிப்படாத மற்ற ஆடுகளின் ஈரலில் சேர்ந்திருக்கும் செம்பைப் படிப்படியாக இறக்கலாம். சிவப்பணு உடையத் தொடங்கிய ஆட்டைக் காப்பாற்றுவது அரிது. அளவு தவறினால் இம்மருந்துகளே செம்புக் குறையை உண்டாக்கிவிடும் என்பதால் கால்நடை மருத்துவரின் மேற்பார்வை இன்றி இவற்றைக் கையாளக் கூடாது. ஒரு ஆடு இவ்வாறு இறந்தால் மந்தையில் மற்றவையும் அதே தொட்டியில் தின்றவை என்பதை நினைவில் கொண்டு அன்றே தீவனத்தை மாற்றுவதும், அவற்றை வண்டியில் ஏற்றாமலும் பட்டினி போடாமலும் அமைதியாக வைத்திருப்பதும், மூட்டையின் அடையாளச் சீட்டோடு தீவன மாதிரியையும், இறந்த ஆட்டின் ஈரல், சிறுநீரகத் துண்டுகளையும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தின் வழியாக ஆய்வகத்துக்கு அனுப்புவதும் உடனடியாகச் செய்ய வேண்டியவை.

இழப்பு நேரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழியும் இருக்கிறது. இரத்தம் காட்டிக்கொடுக்காத செம்பை ஈரல் காட்டிக்கொடுக்கும். உயிருள்ள ஆட்டின் ஈரலில் ஊசி செலுத்தித் திசு எடுப்பது சிறு வளர்ப்பாளருக்கு எளிதன்று. ஆனால் சென்னைச் சிவப்பு இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் இனம். ஒரே தொட்டியில் மாதக்கணக்கில் தின்று வளர்ந்த மந்தையிலிருந்து கறிக்கடைக்குப் போகும் முதல் கிடாவின் ஈரலில் தீப்பெட்டி அளவு துண்டைக் கேட்டு வாங்கி, சுத்தமான பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பனிக்கட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்பினால், கொட்டகையில் எஞ்சி நிற்கும் ஆடுகளின் ஈரலில் எவ்வளவு செம்பு சேர்ந்திருக்கிறது என்பதை, அவற்றில் ஒன்றுகூட நோயுறுவதற்கு முன்பே மதிப்பிட்டுவிடலாம்.